முதல் வரியும் தொடர்வரியும்
கருவிகள் எழுதும் நாள்வழியைப் பைத்தானில் படிக்கும் முறை

நம் சங்கத்துக் குடும்பங்களில் இன்று வீட்டுக்கு ஒருவராவது கணினி வேலையில் இருக்கிறார்கள். காலையில் சுள்ளிக்கல்லில் பஸ் ஏறிக் காக்கநாடு இன்ஃபோபார்க்குக்குப் போய், ராத்திரி திரும்பி வந்து, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும் மடிக்கணினியைத் திறந்து வைக்கிற பிள்ளையிடம் "என்னப்பா பண்றே?" என்று கேட்டால், "லாக் பாத்துக்கிட்டு இருக்கேம்மா" என்று பதில் வரும். தாய்க்கு அது என்னவென்று தெரியாது. பிள்ளைக்கு அதைத் தமிழில் சொல்லத் தெரியாது. இரு தரப்புக்கும் பயன்படும் என்றெண்ணி இக்கட்டுரையை எழுதுகிறேன். யான் கணினி படித்தவனல்லன். மிளகும் சுக்கும் மஞ்சளும் விற்கிறவன். அறுபதை நெருங்கும்போது பைத்தான் மொழியைப் புத்தகம் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டவன். ஆனால் இந்த "லாக்" என்பது வியாபாரிக்குப் புதிய சரக்கு அல்ல.

லாக் என்ற சொல்லுக்கு மரக்கட்டை என்று பொருள். பழைய நாளில் கப்பல் போகிற வேகத்தை அளக்கக் கயிற்றில் கட்டிய ஒரு கட்டையைக் கடலில் விடுவார்கள். கயிறு எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து, அதை ஒரு புத்தகத்தில் எழுதுவார்கள். கட்டைக்கு இருந்த பேர் அந்தப் புத்தகத்துக்கும் ஒட்டிக்கொண்டது. துறைமுக ஊர்க்காரர்களான நமக்கு இது கேட்டவுடன் புரிய வேண்டிய சங்கதி. இன்று கப்பல் மட்டுமல்ல; ரவுட்டர், மின்தராசு, இன்வெர்ட்டர், குளிர்பதனப் பெட்டி என்று மின்சாரம் ஓடுகிற பல கருவிகளும் தன்னிடம் நடந்ததை நடந்த நேரத்தோடு எழுதி வைக்கின்றன. தமிழில் இதை "நாள்வழி" என்றே சொல்லிவிடலாம். நம் கடைகளில் பேரேட்டுக்கு முன்னால் அன்றாடம் எழுதுகிற கணக்குக்கு அதுதானே பெயர்.

நாள்வழி எழுதுகிறவர் தேதியை ஒருமுறைதான் எழுதுவார். அதன்கீழ் வருகிற வரிகளில் தேதி இராது. ஆயினும் அவை மேலே உள்ள தேதிக்கே உரியவை. ஆளின் பெயர் திரும்ப வந்தால் "மேற்படி" என்பதற்குரிய ௸ குறியைப் போட்டுவிட்டு நகர்வார். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷ என்று தனிக் குறிகள் நம்மிடம் உண்டு. இவை 2003இல் வெளியான யூனிகோடு 4.0 பதிப்பிலேயே சேர்க்கப்பட்டுவிட்டன. இவற்றில் ௸ என்ற ஒரு குறிதான் நம் விஷயத்துக்கு உயிர். "நான் தனி வரியல்ல, மேலே உள்ளதன் தொடர்ச்சி" என்று அந்த வரியே சொல்லிக்கொள்கிறது. கருவிகள் எழுதும் நாள்வழியில் அந்தக் குறி இல்லை. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு மாதிரி காட்டுகிறேன். மூட்டை நிறுக்கும் மின்தராசு கணினிக்கு அனுப்புகிற பதிவு போல நானே எழுதியது. எல்லாரும் வாசிக்க வேண்டித் தமிழில் தருகிறேன்.

11-06-2024 10:42:07 தராசு-1 எடை
    மொத்தம் 51.35
    சாக்கு 0.85
    நிகரம் 50.50
11-06-2024 10:43:31 தராசு-1 பிழை
    காரணம்: மேடை அசைவு
    எடை ஏற்கப்படவில்லை
11-06-2024 10:44:02 தராசு-1 எடை
    மொத்தம் 50.90
    சாக்கு 0.85
    நிகரம் 50.05

வரிகள் பதினொன்று, நிகழ்ச்சிகள் மூன்றே. "பிழை" என்ற சொல் உள்ள வரிகளை மட்டும் எடுத்துக் கொடு என்று கணினியிடம் கேட்டால் ஐந்தாவது வரி ஒன்றுதான் வரும். பிழை நடந்தது தெரியும். ஏன் நடந்தது என்பது ஆறாவது வரியில் கிடக்கும். சரி, "நிகரம்" உள்ள வரிகளை எடுத்தால்? 50.50, 50.05 என்று எடை வரும். எந்த மூட்டை, எத்தனை மணி என்பது வராது. விற்றவர் "நான் அனுப்பியது 50.50" என்கிறார், வாங்கியவர் "50.05தான் வந்தது" என்கிறார் என்று வையுங்கள். 450 கிராம் மிளகு வழக்கு. தலைவரியை விட்டுப் பிரிந்த எடை யாருக்கும் சாட்சி சொல்லாது.

சாட்சி என்று சும்மா சொல்லவில்லை. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, முறையாக எழுதிவரப்படும் கணக்குப் புத்தகத்தை நீதிமன்றம் பார்க்கலாம் என்றது. ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்து ஒருவர்மேல் பொறுப்பைச் சுமத்த முடியாது என்றும் சொன்னது. மின்னணுப் பதிவுகளுக்காக 65பி பிரிவு 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோடு வந்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதீய சாக்ஷ்ய அதிநியம் நடக்கிறது; அந்த இரு பிரிவுகளும் அதில் 28, 63 என்று இருக்கின்றன. இதன்றி, நிறுவனங்கள் தம் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் பாதுகாக்க வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28இல் ஆணையிட்டது. பாதுகாத்தால் மட்டும் போதுமா? கேட்டபோது எது எதனுடன் சேர்ந்தது என்று பிரித்துச் சொல்லவும் வேண்டுமே.

முடிவு எழுதப்படுவதில்லை

இந்த வேலை முழுவதற்கும் ஆதாரமான ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு பதிவு எங்கே தொடங்குகிறது என்பது எழுதப்பட்டிருக்கும். எங்கே முடிகிறது என்பது எழுதப்பட்டிராது. அடுத்தது தொடங்கும்போதுதான் முந்தையது முடிந்தது என்று தெரியவரும். கோயில் சுவரில் கல்வெட்டுப் படிப்பவர்களுக்கு இது பழக்கம். ஒரே சுவரில் பல கல்வெட்டுகள் நெருக்கமாக இருக்கும்; "ஸ்வஸ்திஸ்ரீ" என்று வருகிற இடத்தைக் கண்டால் புதிய சாசனம் தொடங்குகிறது என்று கொள்வார்கள்.

ஆகவே நிரல் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கையில் ஒரு வெறும் பட்டியலை வைத்துக்கொள்க. கோப்பிலிருந்து வரிகளை ஒவ்வொன்றாக வாங்குக. வந்த வரி தேதியோடு தொடங்கினால், கையில் ஏற்கெனவே சேர்ந்திருப்பதை ஒரு முழுப் பதிவாக வெளியே கொடுத்துவிட்டு, இந்த வரியை வைத்துப் புதுப் பட்டியல் தொடங்குக. தேதி இல்லையென்றால் கையில் உள்ளதோடு சேர்த்துக்கொள்க. கோப்புத் தீர்ந்ததும் கையில் மிஞ்சியிருக்கும் கடைசிப் பதிவையும் கொடுத்துவிடுக. பைத்தானில் இது பத்துப் பன்னிரண்டு வரி. "வெளியே கொடு" என்பதற்கு யீல்ட் என்று ஒரு கட்டளை உண்டு. 2001இல் வந்த 2.2 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஒரு பதிவைக் கொடுத்துவிட்டு அதே இடத்தில் நின்று காத்திருக்கும். கோப்பு எத்தனை கோடி வரியானாலும் நினைவகத்தில் ஒரு நேரத்துக்கு ஒரு பதிவுதான் இருக்கும். கோடவுனில் உள்ள மூட்டை அத்தனையையும் ஒரே நாளில் தராசுமேல் ஏற்றுவார் உண்டா!

கடைசிப் பதிவைப் பற்றிச் சொன்னேனே, அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விடுவது அதைத்தான். அடுத்த தேதி வராததால் அது கையிலேயே தங்கிவிடும். கருவி ஏதோ கோளாறால் நின்றுபோயிருந்தால், நின்றதன் காரணம் அந்தக் கடைசிப் பதிவில்தான் இருக்கும்! கோப்பு முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கிற நேரடிக் கண்காணிப்பில் இது இன்னும் சிக்கல், ஏனெனில் அங்கே "தீர்ந்தது" என்ற நிலையே வராது. இதற்காகவே உள்ள ஃபைல்பீட் என்ற மென்பொருள், யாரும் மாற்றிச் சொல்லாதவரை, 5 விநாடி பார்த்துவிட்டு அடுத்த வரி வராவிட்டால் கையில் உள்ளதை அனுப்பிவிடுகிறது. ஒரு பதிவுக்கு 500 வரி என்று எல்லையும் வைத்திருக்கிறது.

எது தலைவரி?

"மாமா, உள்ளே தள்ளி எழுதின வரியெல்லாம் தொடர்வரின்னு வச்சுக்கலாமே, தேதியை எதுக்குத் தேடணும்?" என்று சங்கத்துப் பெண்ணொருத்தி என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. மின்னஞ்சலின் தலைப்பகுதியில் அந்த விதிதான் நடக்கிறது. 1982இல் வகுக்கப்பட்ட ஆர்எஃப்சி 822 என்ற மின்னஞ்சல் நெறி, வெற்றிடத்தில் தொடங்குகிற வரி மேல்வரியின் தொடர்ச்சி என்று தெளிவாக விதித்தது. அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் ஒப்புக்கொண்ட விதி, ஆகவே செல்லும்.

கருவிகளிடம் அப்படி ஒப்பந்தம் ஏதும் கிடையாது. பைத்தானே ஒரு பிழையைச் சொல்லும்போது எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள். "டிரேஸ்பேக்" என்று ஓரத்தில் ஒட்டி ஒரு வரி. அதன்கீழ் எந்தக் கோப்பு, எத்தனாவது வரி என்று உள்ளே தள்ளிப் பல வரிகள். கடைசியில் பிழையின் பெயரும் விவரமும் மறுபடியும் ஓரத்தில் ஒட்டி ஒரு வரி. உள்தள்ளலை நம்பினவன் முக்கியமான அந்தக் கடைசி வரியைத் தனிப் பதிவு என்று வெட்டி எறிந்துவிடுவான். ஜாவா மொழியிலும் அப்படித்தான். மூலக் காரணத்தைச் சொல்கிற "காஸ்டு பை" வரி ஓரத்தில் தொடங்குகிறது. எனவே தலைவரியைத் தேடுவதே மேல் என்பது என் கட்சி.

தேடுவதிலும் கண்டிப்பு வேண்டும். வரி எண்ணில் தொடங்குகிறது என்று மட்டும் பார்த்தால், "11-06-2024 தேதியிட்ட சரக்கு" என்று ஒரு தொடர்வரி வந்து நம்மை ஏமாற்றும். தேதி, மணி, நிமிடம், விநாடி, கருவியின் பெயர் இத்தனையும் இந்த வரிசையில் இருந்தால்தான் தலைவரி என்று கொள்ள வேண்டும்.

இப்படி வடிவத்தைச் சொல்லித் தேடுவதற்குப் பைத்தானில் ரெக்எக்ஸ் என்ற குறிமொழி இருக்கிறது. அதில் (?= என்ற குறி எனக்கு மிகவும் பிடித்தது. "இதற்கு முன்னால் என்ன வருகிறது என்று எட்டிப் பார், ஆனால் அதைத் தொடாதே" என்பது அதன் பொருள். பின்னால் பார்க்க (?<= என்ற குறி. இவற்றைக் கற்றபோது எனக்கு நன்னூல்தான் நினைவுக்கு வந்தது. சூத்திரங்கள் ஒன்றோடொன்று எப்படித் தொடர்புபடும் என்று சொல்லவந்த பவணந்தி முனிவர், சிங்கம் நடக்கும்போது முன்னும் பின்னும் பார்ப்பது போன்ற நிலையை அரிமா நோக்கு என்றும், இடையில் உள்ளதைத் தாண்டிச் சென்று சேர்வதைத் தவளைப் பாய்ச்சல் என்றும் பெயரிட்டார். வரிகளுக்கிடையே உறவு பல வகைப்படும், பக்கத்தில் இருப்பதாலேயே சொந்தமாகிவிடாது என்பதை எண்ணூறு ஆண்டுக்கு முன்பே நம்மவர் யோசித்திருக்கிறார்.

அரிமா நோக்கைக் கொண்டு முழுக் கோப்பையும் ஒரே வெட்டில் பதிவுகளாகப் பிரிக்கலாம்: "தலைவரிக்குச் சற்று முன்னால் வெட்டு." ஆனால் வெட்டுகிற இடத்தில் எழுத்து எதுவும் இல்லை; அது வெறும் இடம். வெறும் இடத்தில் வெட்டும் வசதி பைத்தான் 3.7 பதிப்பில், 2018இல்தான் வந்தது. பழைய பதிப்பு ஓடுகிற கணினியில் இது நடக்காது. இன்னொரு குழப்பமும் உண்டு. மல்டிலைன் என்று ஒரு விசையைப் பார்த்ததும், "பல வரிப் பதிவு என்றால் இதுதான்" என்று போட்டுவிடுகிறார்கள். அந்த விசை ^ என்ற கூரைக்குறியை ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பொருந்தச் செய்கிறது, அவ்வளவே. புள்ளிக்குறி வரி எல்லையைத் தாண்டிப் போக வேண்டுமானால் டாட்ஆல் என்ற வேறு விசை வேண்டும். பெயரைப் பார்த்து மருந்து வாங்கலாகாது.

தமிழ் எழுத்து பற்றி ஒரு வார்த்தை. பைத்தான் 3இல் எண்ணைக் குறிக்கும் அடையாளம் (பின்சாய்கோடும் டி எழுத்தும்) ௧, ௨, ௩ என்ற தமிழ் எண்களையும் எண்ணாகவே ஏற்கிறது. ௧௨ என்று கொடுத்தால் 12 என்று மாற்றியும் தருகிறது. ௰, ௱, ௲ ஆகியவற்றை மட்டும் ஏற்பதில்லை, அவை இலக்கத்தானத்தில் நிற்பவை அல்ல என்பதால். இதைக் கேட்டு மகிழ்வதற்குள் அடுத்த செய்தி. சொல்லெழுத்தைக் குறிக்கும் அடையாளம் (பின்சாய்கோடும் டபிள்யூவும்) நம் கொம்பையும் காலையும் புள்ளியையும் எழுத்தாகக் கருதுவதில்லை. "தமிழ்" என்ற சொல்லைக் கொடுத்தால் "தம", "ழ" என்று இரண்டு துண்டாக்கி நீட்டுகிறது! தமிழ்ப் பெயர்கள் உள்ள பதிவில் அதை நம்பக்கூடாது. வெற்றிடம் அல்லாதவை என்று தேடினால் தப்பிக்கலாம். அல்லது ரீஜெக்ஸ் என்ற தனித் தொகுப்பை நிறுவிக்கொள்ளலாம்.

துணிமூட்டைக் கணக்கு

இதுவரை ஒரே தராசு என்று வைத்துப் பேசினோம். தராசு இரண்டு ஆகி, இரண்டும் ஒரே கோப்பில் எழுதினால்? முதல் தராசின் தலைவரி, அடுத்தாற்போல் இரண்டாம் தராசின் தலைவரி, பிறகு "சாக்கு 0.85" என்று ஒரு வரி. இந்தச் சாக்கு யாருடையது?

ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்தில் உள்ள தோபிக்கானாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே துவைக்கிறவர்கள் நம் தமிழ் வண்ணார் குடும்பத்தினர். டச்சுக்காரர் காலத்திலிருந்து இருக்கிறோம் என்பார்கள். பல வீட்டுத் துணி ஒன்றாக நனைந்து, ஒன்றாகக் காய்ந்தும், வீடு மாறிப் போவதில்லை. காரணம், ஒவ்வொரு துணியிலும் குறி இருக்கிறது. மூட்டைக்கு ஒரு குறி போட்டுவிட்டு விட்டால் அவிழ்த்தவுடன் கதை முடிந்தது. கருவிப் பதிவுக்கும் இதே நியாயம். தலைவரியில் மட்டுமின்றி ஒவ்வொரு வரியிலும் கருவியின் பெயரோ எண்ணோ இருந்தால், பைத்தானின் அகராதி என்ற அமைப்பில் கருவிக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியே சேர்த்துக்கொண்டு போகலாம். அந்தக் குறி இல்லாவிட்டால் எந்த நிரலாலும் பிரிக்க இயலாது. அப்போது நிரலைத் திட்டாமல் கருவியின் அமைப்பை மாற்றச் சொல்ல வேண்டும்.

துணி எடுத்துப்போகும்போது "உருப்படி 12" என்று எழுதிக்கொள்வார்கள் அல்லவா? அதற்கும் இங்கே இடம் உண்டு. கருவிகள் தம் செய்தியை வலைவழியே அனுப்பும் சிஸ்லாக் முறையை 1980களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் தம் சென்ட்மெயில் மென்பொருளின் பகுதியாக ஆக்கினார். அது நெடுநாள் வழக்கமாகவே ஓடி, 2001இல் ஆர்எஃப்சி 3164 என்று ஏட்டில் ஏறியது. ஒரு பொட்டலத்துக்கு 1024 பைட்டுக்கு மேல் கூடாது என்பது அதன் கணக்கு. நீண்ட செய்தியைக் கருவி வரிவரியாகத் தனிப் பொட்டலங்களில் அனுப்பினால், வழியில் ஒன்று தொலையலாம், வரிசையும் மாறலாம். 2012இல் வந்த ஆர்எஃப்சி 6587 சொல்கிற வழிகளில் ஒன்று, செய்திக்கு முன்னால் அதன் நீளத்தை எண்ணாக எழுதிவிடுவது. வாங்குகிறவர் அத்தனை பைட் எண்ணி எடுத்தால் போதும். உள்ளே எத்தனை வரி இருந்தால் என்ன? தலைவரியைத் தேடும் வேலையே இல்லை. உருப்படி எண்ணிக்கை முன்னால் வந்துவிட்டது.

பழைய சிஸ்லாக்கில் இன்னொரு குறை, தேதியில் மாதம், நாள், மணி உண்டு, வருடம் கிடையாது. நம் பிரபவ முதல் அக்ஷய வரையான அறுபது வருடப் பெயரை மட்டும் எழுதிய ஓலை எந்தச் சுற்று என்று தெரியாமல் ஆராய்ச்சியாளர்கள் தவிக்கிறார்கள். இங்கே அந்த அறுபதும்கூட இல்லை. 2009இல் வந்த ஆர்எஃப்சி 5424 வருடத்தைச் சேர்த்தது. ஆயினும் பழைய வடிவில் எழுதும் கருவிகள் ஏராளம். வருடமில்லாத தேதியைப் பைத்தானிடம் கொடுத்தால் அது 1900 என்று தானே வைத்துக்கொள்கிறது. 1900 லீப் வருடம் அல்ல. ஆகவே 2024 பிப்ரவரி 29இல் எழுதப்பட்ட பதிவை "அப்படி ஒரு நாளே இல்லை" என்று நிராகரித்துவிடும்! நான்கு வருடத்துக்கு ஒருமுறை மட்டும் வருகிற கோளாறு, சோதனையில் தென்படாது. பைத்தான் 3.13 பதிப்பு இப்போது இதற்கு முன்னெச்சரிக்கை கொடுக்கிறது. கோப்பின் பெயரிலிருந்தோ வேறு வழியிலோ வருடத்தை எடுத்து, தேதிக்கு முன்னால் ஒட்டிவிட்டுப் பிறகு மாற்றுவதே முறை.

பொய் வரி

நாள்வழியில் பக்கத்தின் அடியில் இடம் மிஞ்சினால் கணக்குப்பிள்ளை குறுக்கே ஒரு கோடு இழுப்பார். பின்னால் யாரும் ஒரு வரி செருகிவிடக் கூடாது என்பதற்காக. கணினிப் பதிவில் அந்தச் செருகல் சுலபம். ஒரு பக்கத்தில் பயனர் பெயர் கேட்கிறார்கள். தீய எண்ணமுள்ளவன் பெயரோடு ஒரு வரி முறிவையும், அடுத்து அச்சு அசலாகத் தேதியோடு கூடிய ஒரு தலைவரியையும் சேர்த்துத் தட்டுகிறான். மென்பொருள் அப்படியே எழுதிவைக்கிறது. படிக்கிற நம் நிரலுக்கு அது புதிய, உண்மையான பதிவு. நடக்காத ஒன்று நடந்ததாகிவிடும். இதைப் படிக்கும் இடத்தில் தடுக்க முடியாது. எழுதும் இடத்தில்தான் தடுக்க வேண்டும். வெளியாரிடமிருந்து வரும் எழுத்தில் வரி முறிவு இருந்தால் அதை வேறு அடையாளமாக மாற்றி, ஒரே வரியில் அடங்கச் செய்து எழுத வேண்டும்.

கடைசியாக, நிரலை எழுதிமுடித்த பிள்ளைகள் செய்ய வேண்டிய ஐந்தொகை ஒன்று உண்டு. லாக் கோப்புகள் அளவு மிஞ்சியதும் தாமே வெட்டிக்கொண்டு புதுக்கோப்புத் தொடங்கும். வெட்டு ஒரு பதிவின் நடுவில் விழலாம். புதுக்கோப்பின் தலைப்பில் தேதியில்லாத வரிகள் கிடக்கும். அவற்றைத் தூக்கி எறியாமல் "தலையில்லா வரிகள்" என்று தனியே வைத்து, முந்தைய கோப்பின் கடைசிப் பதிவோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். பிறகு, பிரித்தெடுத்த எல்லாப் பதிவுகளிலும் உள்ள வரிகளைக் கூட்டி, தலையில்லா வரிகளையும் சேர்த்து, கோப்பில் உள்ள மொத்த வரிகளோடு ஒப்பிடுக. மேலே கொடுத்த மாதிரிக்கு 4, 3, 4, ஆக 11. ஒன்று குறைந்தாலும் எங்கோ ஒரு வரி கைநழுவியிருக்கிறது. பெரும்பாலும் அது கடைசிப் பதிவாக இருக்கும். முதலில் அங்கே பார்க்கவும்.